அமெரிக்காவை மாற்றிய அதிபர்கள்: ட்ரூமனை ஏன் முதலில் வைக்கிறேன்

"அமெரிக்க வரலாற்றையும் வெளியுறவுக் கொள்கையையும் உண்மையிலேயே மாற்றிய அதிபர்கள் யார்? லிங்கன், ரூஸ்வெல்ட், கென்னடி என்று எல்லாப் பட்டியலிலும் அதே பெயர்கள்தான் வருகின்றன. தனி ஒரு ஆளால் அவ்வளவு பெரிய நாட்டின் போக்கை மாற்ற முடியுமா?" என்பது கேள்வி.

பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால், முடியாது. 1787ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் வெளியுறவில் அதிபருக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். அவர் படைகளின் தலைமைத் தளபதி. தூதர்களை நியமிக்கலாம், வெளிநாட்டுத் தூதர்களை ஏற்றுக்கொள்ளலாம். ஒப்பந்தம் போடலாம், ஆனால் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். போர் அறிவிப்பதும், படைக்குப் பணம் ஒதுக்குவதும் நாடாளுமன்றத்தின் கையில். (அங்கே அதற்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் கட்சியோடு குழம்பக் கூடாது என்பதால் நாடாளுமன்றம் என்றே எழுதுகிறேன்.) அப்படியிருந்தும் இன்று உலகம் வாஷிங்டனில் ஒரே ஒரு ஆளின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால், நடுவில் யாரோ சிலர் அந்தப் பதவியை இழுத்து நீட்டியிருக்க வேண்டும் இல்லையா?

அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு அதிபர் போன பிறகு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அந்த நாற்காலிக்கு வருகிறார். முன்னவரைத் திட்டித்தான் ஓட்டு வாங்கியிருப்பார். வந்த பிறகு அவரால் எதைக் கலைக்க முடியவில்லை? எதைக் கலைக்க மனம் வரவில்லை? அதுதான் முன்னவரின் செல்வாக்கு. மேடைப் பேச்சும், சிலையும், சுடப்பட்டு இறந்ததால் வந்த அனுதாபமும் இந்தக் கணக்கில் வராது.

இப்படிப் பார்த்தால் பட்டியல் தலைகீழாகிவிடுகிறது. கென்னடி கீழே போய்விடுவார். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை அவர் நிதானமாகக் கையாண்டார், மறுப்பதற்கில்லை. 1963ல் சோவியத்தோடும் பிரிட்டனோடும் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் போட்டார். ஆனால் அவர் செயல்பட்டதெல்லாம் வேறொருவர் கட்டி வைத்திருந்த அமைப்புக்குள். அந்த வேறொருவருக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நிலம். நிலத்தை வாங்கிவிட்டால் எந்தக் கட்சி வந்தாலும் திருப்பிக் கொடுக்காது. 1803ல் ஜெஃபர்சன் தூதர்களை அனுப்பியது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும் வாங்கத்தான். ஹெய்தியில் அடிமைகளின் கிளர்ச்சியிலும் மஞ்சள் காய்ச்சலிலும் படையை இழந்திருந்த நெப்போலியனுக்கு அமெரிக்கக் கண்டத்தின் மீதே வெறுப்பு வந்துவிட்டது. பிரான்ஸ் வசமிருந்த மொத்த லூசியானாவையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். விலை 1.5 கோடி டாலர். கிடைத்த பரப்பு சுமார் 8,28,000 சதுர மைல். நாடு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அரசியல் சட்டத்தில் எழுதாத எதையும் மத்திய அரசு செய்யக் கூடாது என்று சொல்லியே கட்சி வளர்த்தவர் ஜெஃபர்சன். நிலம் வாங்க அதில் இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். சட்டத் திருத்தம் ஒன்றை எழுதிக்கூடப் பார்த்தார். அதற்குள் நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் வந்ததும் திருத்தத்தை மடித்து வைத்துவிட்டு ஒப்பந்தத்தை செனட்டுக்கு அனுப்பினார். 24க்கு 7 என்று நிறைவேறியது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்களை பாரிஸிலும் கேட்கவில்லை, வாஷிங்டனிலும் கேட்கவில்லை.

ஜேம்ஸ் போல்க் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஒரே ஒரு தவணைதான் இருப்பேன் என்று சொல்லி 1845ல் வந்தார், சொன்னபடியே போனார், போன மூன்று மாதத்தில் இறந்தும் போனார். அந்த நான்கு வருடத்தில் பிரிட்டனோடு பேசி ஆரெகானைப் பங்கு பிரித்துக்கொண்டார். மெக்சிகோவோடு சண்டை போட்டுக் கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்டார். அதை அவர் செய்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். இரு நாடுகளும் தமதென்று சொன்ன பகுதிக்குள், ரியோ கிராண்டே ஆற்றங்கரை வரைக்கும் ஜெனரல் டெய்லரின் படையை அனுப்பினார். 1846 ஏப்ரலில் அங்கே மோதல் நடந்தது, அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். மே 11 அன்று நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார்: அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டுவிட்டது, போர் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று. படை களத்தில் நிற்கும்போது எந்த உறுப்பினர் எதிர்த்து ஓட்டுப் போடுவார்? கீழவையில் 174க்கு 14, செனட்டில் 40க்கு 2.

இதைத் தட்டிக் கேட்ட இளம் உறுப்பினர் ஒருவர் இருந்தார். ரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது யாருடைய மண், காட்டுங்கள் பார்ப்போம் என்று 1847 டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்தார். பெயர் ஆபிரகாம் லிங்கன். 1848 ஜனவரியில் கீழவையான பிரதிநிதிகள் சபை, இந்தப் போர் தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்கு முரணாகவும் அதிபரால் தொடங்கப்பட்டது என்று 85க்கு 81 என்ற கணக்கில் சொன்னது. அடுத்த மாதமே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. கண்டனம் ஏட்டில் நின்றது, நிலம் கையில் நின்றது. டெக்சஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோவின் பாதிக்கும் மேல் போய்விட்டது. புதிய நிலத்தில் அடிமைமுறை உண்டா இல்லையா என்ற சண்டைதான் வளர்ந்து உள்நாட்டுப் போரில் முடிந்தது. அந்தப் போரை நடத்த வேண்டியவராக லிங்கனே வந்து சேர்ந்தார். 1861 ஏப்ரலில், நாடாளுமன்றம் கூடுவதற்கு முன்பே தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட அவர் உத்தரவிட்டதையும் மறக்க வேண்டாம். எதிர்வரிசையில் இருந்தபோது பேசிய பேச்சு வேறு, நாற்காலியில் அமர்ந்தபின் செய்தது வேறு.

தியோடர் ரூஸ்வெல்ட்டின் பனாமாவும் இதே வழிதான். 1903 நவம்பர் 3 அன்று கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்தது, அமெரிக்கப் போர்க்கப்பல் பக்கத்தில் நின்றது, மூன்றாம் நாளே அங்கீகாரம், நவம்பர் 18ல் கால்வாய் ஒப்பந்தம். நாடாளுமன்றம் கால்வாயைப் பற்றி விவாதிக்கவில்லை, என்னைப் பற்றி விவாதித்தது, அதற்குள் கால்வாய் வேலை நடந்தது என்று பின்னாளில் அவரே பெருமையடித்துக்கொண்டார்.

வில்சன் இதற்கு நேர்மாறு. அவருடைய பேச்சு பெரிது, கையில் மிஞ்சியது குறைவு. 1919 பாரிஸ் சமாதான மாநாட்டுக்குப் போனபோது எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர் ஒருவரைக்கூடக் கூட்டிப் போகவில்லை. திரும்பி வந்தபோது செனட் அந்தக் கட்சியின் கையில் இருந்தது. முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தம் அங்கே இரண்டு முறை தோற்றது. இரண்டாவது முறை, 1920 மார்ச்சில், 49க்கு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு ஓட்டுக் குறைவு. அந்த ஒப்பந்தம் உண்டாக்கிய உலக நாடுகள் சங்கத்தைக் கனவு கண்டவரின் நாடே அதில் சேரவில்லை.

இந்தத் தோல்வியைப் பாடமாகப் படித்தவர்கள் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் அவருக்குப் பின் வந்த ஹாரி ட்ரூமனும். ஐ.நா. சாசனம் எழுத 1945ல் சான் ஃபிரான்சிஸ்கோ போன அமெரிக்கக் குழுவில் குடியரசுக் கட்சி செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க் இருந்தார். சாசனம் செனட்டில் 89க்கு 2 என்று தேறியது. கால் நூற்றாண்டில் இவ்வளவு மாற்றம்.

ஆனால் ரூஸ்வெல்ட்டிடம் இன்னொரு முகமும் உண்டு. 1940 செப்டம்பரில், ஜெர்மன் குண்டுகள் பிரிட்டன் மீது விழுந்துகொண்டிருந்தபோது, 50 பழைய நாசகாரிக் கப்பல்களைப் பிரிட்டனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களில் தளங்களை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார். செனட்டிடம் போகவில்லை. இது ஒப்பந்தம் அல்ல, நிர்வாக உடன்பாடு என்று சொல்லிவிட்டார். சட்டப்படி சரிதான் என்று எழுதிக் கொடுத்தவர் அப்போதைய தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவார்.

இனி ட்ரூமன். என் கணக்கில் இருபதாம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்கான அதிபர் இவர்தான். மிஸ்ஸூரிக்காரர், கல்லூரிப் பட்டம் கிடையாது, ஆரம்பித்த துணிக்கடை நொடித்துப்போனது. துணை அதிபராக இருந்தது 82 நாள். 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்து, இவர் பதவியேற்றபோது அணுகுண்டுத் திட்டம் என்ற ஒன்று நடப்பதே இவருக்குத் தெரியாது. பதவியேற்பு முடிந்த பிறகுதான் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் ஓரமாக அழைத்துச் சுருக்கமாகச் சொன்னார். நான்கு மாதத்துக்குள் ஹிரோஷிமா.

1946 தேர்தலில் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் எதிர்க்கட்சியிடம் போயின. அடுத்த பிப்ரவரியில் பிரிட்டன் ஒரு குறிப்பு அனுப்பியது: எங்களிடம் பணம் இல்லை, கிரீஸுக்கும் துருக்கிக்கும் மார்ச்சுக்கு மேல் உதவ முடியாது. ஒரு பேரரசு தன் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போன தருணம் அது. ட்ரூமன் எதிர்க்கட்சித் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். வெளியுறவுத் துறையின் டீன் ஆச்சசன், கிரீஸ் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்தால் அடுத்து எது எது விழும் என்று வரைபடம் போட்டாற்போல் விளக்கினார். வாண்டன்பர்க் சம்மதித்தார், ஆனால் இதே தொனியில் நாட்டு மக்களிடமும் பேச வேண்டும் என்றார். 1947 மார்ச் 12 அன்று ட்ரூமன் கேட்டது 40 கோடி டாலர். அந்தத் தொகைக்காகப் பேசிய பேச்சோ, உலகில் எங்கெல்லாம் சுதந்திர மக்கள் நெருக்கப்படுகிறார்களோ அங்கெல்லாம் அமெரிக்கா துணை நிற்கும் என்று எல்லையே இல்லாமல் விரிந்தது. கேட்ட பணம் கிடைத்தது. எல்லையில்லாத அந்த வாக்குறுதிதான் பின்னால் வியட்நாம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது என்பது என் கருத்து. சிறிய செலவுக்குப் பெரிய தத்துவம் பேசினால் இப்படித்தான் ஆகும்.

அதே வருடம் ஜூன் மாதம் ஹார்வர்டில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் பேசினார். ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்தும் அந்தத் திட்டத்துக்குத் தன் பெயர் வேண்டாம் என்றார் ட்ரூமன். தேர்தல் வருடம் நெருங்குகிறது, என் பெயரைப் பார்த்தாலே எதிர்க்கட்சி கவிழ்த்துவிடும் என்று அவருக்குத் தெரியும். 1948 முதல் 1952 வரை ஏறக்குறைய 1,300 கோடி டாலர் போனது. பெயரும் புகழும் மார்ஷலுக்குப் போனது. தன் பெயரை விட்டுக்கொடுத்து வேலையை முடித்த அரசியல்வாதியை எங்கே பார்க்க முடிகிறது?

1947 ஜூலையில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சி.ஐ.ஏ., தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, தனி விமானப் படை, முப்படைகளுக்கும் மேலே ஒரு பாதுகாப்பு அமைச்சர், எல்லாம் ஒரே சட்டத்தில். 1949 ஏப்ரலில் 12 நாடுகள் நேட்டோவில் கையெழுத்திட்டன. செனட்டில் 82க்கு 13. இதன் கனத்தைப் புரிந்துகொள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். 1778ல் பிரான்ஸோடு செய்துகொண்ட கூட்டணியை 1800ல் முறித்துக்கொண்ட பிறகு, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக அமெரிக்கா அமைதிக் காலத்தில் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே யாரோடும் ராணுவக் கூட்டணி வைத்ததில்லை. நிரந்தரக் கூட்டணி வேண்டாம் என்று வாஷிங்டன் 1796ல் எழுதிவைத்துப் போனதை அங்கே வேதவாக்காக மதித்தார்கள். அந்தக் கதவை உடைத்தவர் துணிக்கடைக்காரர்.

இதுவரை சொன்னதெல்லாம் நாடாளுமன்றத்தைக் கூட்டிக்கொண்டு செய்தது. 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை தெற்கே இறங்கியபோது ட்ரூமன் மற்ற வழியைப் பிடித்தார். ஐந்தாறு நாளில் விமானம், கப்பல், பிறகு தரைப்படை. நாடாளுமன்ற ஒப்புதல் கேட்கவே இல்லை. தேவையில்லை என்று ஆச்சசன் ஆலோசனை சொன்னார். இதை ஐ.நா.வின் கீழ் நடக்கும் போலீஸ் நடவடிக்கை எனலாமா என்று நிருபர் ஒருவர் கேட்க, ஆமாம் என்றார் அதிபர். குடியரசுக் கட்சி செனட்டர் டாஃப்ட் இது முறையல்ல என்று பேசினார். சுமார் 36,000 அமெரிக்க வீரர்களும் பல லட்சம் கொரியர்களும் செத்த அந்தப் போலீஸ் நடவடிக்கைதான் பின்னால் வந்த அத்தனை அதிபர்களுக்கும் முன்னுதாரணம். அமெரிக்கா முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதன்பிறகு நடந்த எந்தப் போருக்கும் அறிவிப்பு கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் ட்ரூமனுக்கு அடி விழுந்தது. 1952ல் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்றதும், கொரியப் போரைக் காரணம் காட்டி ஆலைகளை அரசே கைப்பற்ற உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தள்ளிவிட்டது. நாடாளுமன்றத்தோடு சேர்ந்து செயல்படும் அதிபருக்கு பலம் மிக அதிகம், அதன் விருப்பத்துக்கு எதிராகச் செயல்படுகிறவருக்கு மிகக் குறைவு என்று அந்த வழக்கில் தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார் ஒரு நீதிபதி. இன்றுவரை அதிபர் அதிகார வழக்கு எதுவானாலும் முதலில் புரட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். எழுதியவர், 1940ல் கப்பல் கொடுக்கலாம் என்று அதிபருக்குச் சட்டக் குறிப்பு எழுதித் தந்த அதே ராபர்ட் ஜாக்சன்.

என் அளவுகோலுக்கு வருவோம். 1952ல் ட்ரூமனின் மக்கள் ஆதரவு கேலப் கணிப்பில் 22 சதவீதம் வரை சரிந்தது. கம்யூனிசத்தைத் தடுத்து நிறுத்தும் அவருடைய கொள்கை வீணானது, அறமற்றது என்று குடியரசுக் கட்சி தேர்தல் அறிக்கையிலேயே எழுதியது. ஐசன்ஹோவர் ஜெயித்து வந்தார். 1953 கோடையில் நிபுணர் குழுக்களை உட்காரவைத்து, கம்யூனிசத்தைத் தடுத்து நிறுத்துவதா, பின்னுக்குத் தள்ளுவதா என்று அலசவைத்தார். முடிவில் ட்ரூமன் கொள்கையே தொடர்ந்தது. 1956ல் ஹங்கேரி மக்கள் சோவியத்தை எதிர்த்து எழுந்தபோது ஐசன்ஹோவர் படை அனுப்பவில்லை. கலைக்கத்தான் வந்தார், காவல் காத்துவிட்டுப் போனார்.

கட்டியவருக்கும் கட்டியது முழுக்கப் பிடித்துவிடவில்லை. ஈரானில் 1953லும் குவாத்தமாலாவில் 1954லும் ஆட்சியைக் கவிழ்க்க ஐசன்ஹோவர் பயன்படுத்தியது ட்ரூமன் உண்டாக்கிய சி.ஐ.ஏ.வைத்தான். 1963 டிசம்பரில் ஓய்விலிருந்த ட்ரூமன் வாஷிங்டன் போஸ்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். செய்தி திரட்டித் தரத்தான் அதை அமைத்தேன், அது அந்த வேலையோடு நிற்கட்டும் என்பது சாரம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அதிபரின் தனிப்பட்ட கை எவ்வளவு நீளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் அந்நாட்டுக் கோதுமை நமக்கு ரூபாய்க்கே கிடைத்துவந்தது. 1965ல் பழைய உடன்பாடு முடிந்ததும் லிண்டன் ஜான்சன் புதிதாக நீண்டகால உடன்பாடு போட மறுத்தார். கோதுமைக் கப்பல்களை மாதாமாதம், சில சமயம் கடைசி நேரத்தில், தானே பார்த்துப் பார்த்து விடுவித்தார். இங்கோ 1965, 1966 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது வேறு அவருக்கு எரிச்சல். அந்த 1965 நவம்பரில் நம் உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனைச் சந்தித்து, விவசாயத்துக்கு முதலீட்டைக் கூட்டுவது, உரத்துக்கு முன்னுரிமை தருவது என்று ஒரு உடன்பாடு செய்துகொண்டார். அது வெறும் பணிதல் அல்ல, தில்லியில் சக அமைச்சர்களிடம் அவர் வாதாடிக்கொண்டிருந்த விஷயங்கள்தான் அவை. 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. 1971 முடிவில் பி.எல்.480 இறக்குமதியை இந்தியா நிறுத்திக்கொண்டது. அதே டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, நிக்சன் எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியபோது, ஜான்சன் இழுத்த கோதுமைக் கயிறு நிக்சன் கையில் இல்லை.

நிக்சனின் சீனப் பயணம் என் தேர்வில் சுலபமாகத் தேறிவிடும். 1972 பிப்ரவரியில் அவர் திறந்த வழியிலேயே போய் 1979 ஜனவரி முதல் தேதி சீனாவுக்கு முழு அங்கீகாரம் கொடுத்தவர் எதிர்க்கட்சியின் கார்ட்டர். தோற்பதற்கு உதாரணம் 2015ல் ஒபாமா செய்த ஈரான் அணு உடன்பாடு. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்று தெரிந்து, ஒப்பந்தமாகக் கொண்டுபோகாமல் முடித்தார். 2018 மே மாதம் ட்ரம்ப் ஒரு கையெழுத்தில் வெளியேறினார்.

முறையாக செனட் ஏற்ற ஒப்பந்தமானால் பிழைக்குமா என்றால், அதுவும் சந்தேகம்தான். ஒப்பந்தத்துக்குள் போக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று எழுதியவர்கள், வெளியே வர யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதவில்லை. தைவானோடு இருந்த பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் கார்ட்டர் தானாகவே முடித்துக்கொண்டபோது செனட்டர் கோல்டுவாட்டர் வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றம் 1979 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே ட்ரூமனின் நேட்டோவிலிருந்தும் ஒரு அதிபர் இப்படிப் போய்விடுவாரோ என்ற பயம் வந்து, 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் பாதுகாப்புச் செலவுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் சேர்த்தது: செனட்டில் மூன்றில் இரண்டு பங்கோ, தனிச் சட்டமோ இல்லாமல் எந்த அதிபரும் நேட்டோவை விட்டு விலக முடியாது. அதை முன்மொழிந்தவர்கள் ஜனநாயகக் கட்சியின் டிம் கெய்னும் குடியரசுக் கட்சியின் மார்கோ ரூபியோவும். 2025 ஜனவரியில் ட்ரம்ப் மறுபடி வந்தபோது வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்றவர் அந்த ரூபியோதான்.